குளிர்தழல் கேட்ட கார்மலைத் தலைவருக்கு மறுமொழி

மழை தவறாத வெண்கோட்டு நாட்டை ஒரு குடைக்கீழ் ஆளும் அடல்வேந்தர் பெருமானின் திருவாய்மொழிப்படி, பேரமைச்சன் சேந்தன் எழுதுவித்த ஓலை. கார்மலைக் கோட்டையின் காவலரும், வடகரைப் போரில் மதயானையை எதிர்நின்று மறித்தவரும், வேந்தர் கையால் வீரக்கழல் அணிந்தவருமான பொருந்தில் ஆதனார் கண்டு தெளிக. உம் மலையில் தேன் பெருகுக. உம் சுனைகள் வற்றாதிருக்க. உம் வாயிலில் பகைவர் நிழல் விழாதிருக்க.

உம் ஓலை வந்து சேர்ந்தது. உம் மனைவியார் குவளை நாச்சியாரின் மார்பில் எழுந்த கட்டி கல்லாக இறுகிவிட்டது என்றும், அது புற்று என்று சொல்லிக் கார்மலை மருத்துவர் கைவிரித்துவிட்டார் என்றும், தலைநகரின் குளிர்தழலையும் அதைக் கையாளும் மருத்துவச்சி நெடுங்கோதையையும் உடனே அனுப்பவேண்டும் என்றும் கேட்டிருந்தீர். இத்தனை காலப் பணிக்கு இதைத் தவிர வேறெதுவும் கேட்டதில்லை என்றும் எழுதியிருந்தீர். அது உண்மை. அந்த வரியை வேந்தர் மீண்டும் ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார். தழல் வருகிறது. நெடுங்கோதையும் வருகிறாள். ஆனால் நீர் எண்ணியபடி அல்ல. எப்படி என்பதைச் சொல்லுமுன் இங்கே நடந்ததை நீர் அறியவேண்டும் என்பது வேந்தர் விருப்பம்.

நெடுங்கோதையின் கணவன் அந்துவன் கண்ணாடி ஊதுபவன். மின்னல் என்பது என்ன என்று அறியும் ஆசையில் பாதி வாழ்நாளைக் கரைத்தவன். கந்தக உருண்டையைப் பட்டில் தேய்த்துப் பிறக்கும் பொறியை ஒரு குடுவைக்குள் பாய்ச்சினான். குடுவையின் வாயில் விரல் நீளத்துக்கு நீலச்சுடர் நின்றது. தொட்டால் சுடவில்லை; துணியில் பற்றவில்லை. பொறி பட்டுக் காற்றே உடைகிறது, உடைந்த காற்று தீயும் அல்ல, காற்றும் அல்ல, மின்னலுக்கு உடம்பு அதுதான் என்று அவன் சொன்னான். நெடுங்கோதை அச்சுடரைப் போர்க்களத்திலிருந்து வந்தவர்களின் அழுகற்புண்ணில் காட்டினாள். சீழ் வற்றியது. வெட்டி எறியவேண்டிய கால்கள் நடந்து வீடு போயின. கண்முன்னே மூடும் புண்ணுக்குச் சான்று தேவைப்படவில்லை.

புற்று அப்படியல்ல. சிலர் உடம்பில் அது தானே சுருங்கும். சிலர் உடம்பில் காரணமின்றி உறங்கிக் கிடக்கும். பிழைத்தவரை மருத்துவன் தன் பெருமையில் சேர்த்துக்கொள்வான், செத்தவரை விதியின்மேல் போட்டுவிடுவான். இதை அவையில் முதலில் சொன்னவள் நெடுங்கோதை. அதனால் தழல் புற்றை ஆற்றுமா என்று சோதிக்கும் இருவாயில் முறையை வகுக்கும் பொறுப்பும் அவளிடமே வந்தது.

முறை இதுதான். நோயாளர் தங்கும் ஆதுலர்சாலையில் இரண்டு அறைகள். கண்ணைக் கட்டிக்கொண்டு அமர்ந்தால் இரண்டிலும் சுழலும் பொறியின் ஒரே உறுமல், கட்டியின்மேல் ஒரே குளிர்காற்று. ஓர் அறையில் மட்டுமே உண்மைத் தழல். நோயாளி குடத்துக்குள் கைவிட்டுக் கயிறு எடுப்பார்; அது அவர் மணிக்கட்டில் கட்டப்படும். கறுப்புக்கு ஒரு வாயில், சிவப்புக்கு மறு வாயில். எது உண்மை வாயில் என்பது அப்பொறியைச் சுழற்றும் பணியாள் காரிக்கு மட்டுமே தெரியும். அவனும் திரைக்குப் பின்னால் இருந்தபடி, துளைவழியே நீளும் மணிக்கட்டை மட்டும் பார்ப்பான். முகம் பார்த்தால் இரக்கம் வரும் என்று அத்துளையை அளந்து வெட்டச் செய்தவள் நெடுங்கோதை. கயிறு மாற்றுவோர் கை வெட்டப்படும் என்ற விதியும் அவள் எழுதுவித்ததே.

பிறகு அந்துவன் கழுத்தில் கட்டி எழுந்தது. பழைய குடுவை ஒன்று வீட்டில் இருக்கிறதே, யாருக்கும் தெரியாமல் காட்டிக்கொள்ளலாமே என்று அவள் கெஞ்சினாள். அவ்வீட்டார் சொன்ன சொற்களை விசாரணை மரபுப்படி பேசியவாறே எழுதுகிறோம்.

“நான் ஊதுன குடுவையில நானே திருடணுமா? போடி. ஊரெல்லாம் குடத்துல கைய விடுது, எங்கைக்கு மட்டும் என்ன தங்கமா பூசியிருக்கு?” என்று அந்துவன் சிரித்தானாம்.

குடத்தில் கைவிட்டான். கறுப்பு வந்தது.

சில வாரங்களில் அவன் கட்டி பொங்கி, சிவந்து, நீர் வடித்தது. அதே முற்றத்தில் காத்திருக்கும் உப்பு விற்பவள் எயிற்றி, சிவப்புக் கயிற்றுக்காரி. அவள் தாடையில் இருந்த கட்டியோ அடங்கிக் கிடந்தது. இரண்டையும் நாள்தோறும் தடவிப் பார்த்தவள் நெடுங்கோதை. தழல் பட்ட புண் ஆறுவதற்குமுன் ஒருமுறை பொங்கும் என்பதைப் படைவீரர் கால்களில் எத்தனையோ முறை கண்டவள் அவள். கணவன் கழுத்தில் அதையே கண்டபோது அவளுக்கு அது தோன்றவில்லை. கறுப்பு வாயில் பொய் வாயில் என்று முடிவு கட்டினாள். நண்பகலில் எல்லோரும் கஞ்சிக்குப் போயிருக்கையில், வலிமருந்து குடித்துத் தூங்கிய எயிற்றியின் கயிற்றை அறுத்துக் கறுப்பைக் கட்டினாள். கணவனிடம் வந்து, “கயிறு நைஞ்சு போச்சு, வேற கட்டுறேன்” என்றாள்.

“நைஞ்சு போச்சா? சரி, கட்டு” என்று அவன் கையை நீட்டினான். கயிறு சிவப்பு என்பதைப் பார்த்தான். முடிச்சு விழும்வரை கையை எடுக்கவில்லை.

அவன் கட்டி அடங்கியது, அவள் மகிழ்ந்தாள். அடங்கிய கட்டி உள்நோக்கி வளர்ந்தது. முதலில் சோறு இறங்கவில்லை, பிறகு கஞ்சி, பிறகு தண்ணீர். கண்ணாடி ஊதிய தொண்டையில் மூச்சு விசில்போல் ஒலித்து, ஒருநாள் நின்றது. எயிற்றியின் தாடை பொங்கியது, வடிந்தது, காய்ந்தது. அவள் மறுபடி உப்பு மூட்டையைத் தலையில் ஏற்றினாள்.

குறித்த நாளில் அவை கூடியது. காரி வந்து கறுப்பே உண்மை வாயில் என்றான். கறுப்புக் கயிற்றார் பெரும்பாலும் உயிரோடு நின்றார்கள். சிவப்புக் கயிற்றாரில் நிற்பதற்கு ஆள் இல்லை. அவை ஆர்ப்பரித்தது. அந்த ஆர்ப்பரிப்பு அடங்கியபின் நெடுங்கோதை எழுந்து, தான் செய்ததை ஒன்று விடாமல் சொன்னாள். அவள் சொல்லாதிருந்தால் எவரும் அறிந்திருக்கமாட்டார்கள்.

எயிற்றியை அழைத்து விசாரித்தோம். அவள் சொன்னது இது:

“எனக்கு அன்னைக்கே தெரியும் சாமி. முத்தத்துல குந்தியிருக்கயில அந்தக் கண்ணாடிக்காரரு எங்கையப் பாத்தாரு, தன்னோட கையப் பாத்தாரு. ‘ஏ உப்புக்காரி, கறுப்பு ஒங்கிட்ட வந்துருச்சா? எவ கேட்டாலும் அத அவுக்காத’ன்னாரு. ஏன்யான்னு கேட்டேன். ‘உள்ள இடி விழுந்த மரத்து வாடை அடிக்கும். நான் காச்சுன வாடை, எனக்குத் தெரியாதா? அது அடிச்சா ஒழுங்கா கஞ்சியக் குடி, பொழச்சுக்குவே’ன்னாரு. அப்ப ஒமக்குன்னேன். ‘நான் வாயத் தொறந்தா கட்டுனவ கை போயிரும். அந்தக் கை போனா இந்தச் சாலையில ஒருத்தனும் தேறமாட்டான். நீ மூடிக்கிட்டுக் கெட’ன்னாரு.”

மனைவியிடம் தனியே சொல்லியிருக்கலாமே என்று வேந்தர் வினவினார்.

“சொல்லியிருந்தா இந்தம்மா எங்கிட்டருந்து புடுங்கிக்கிட்டுப் போயிருக்கும். அதுவும் அவருக்குத் தெரியும்” என்றாள் எயிற்றி.

அவை நெடுங்கோதையைப் பார்த்தது. அவள் தன் கைகளைப் பார்த்தாள்.

“ஆமா, புடுங்கியிருப்பேன்” என்றாள்.

விதிப்படி தன் கையை வெட்டுமாறும், சோதனையின் முடிவை மட்டும் ஏற்றுக்கொள்ளுமாறும் அவள் வேண்டினாள். மாறியவை இரண்டு கயிறுகள்தாம், மற்றவை தூயவை என்று காலில் விழுந்தாள். வேந்தர் ஏற்கவில்லை. ஒப்புக்கொண்டவள் ஒருத்தி, ஒப்புக்கொள்ளாதவர் எத்தனை பேர் என்று கேட்டார். ஆகவே சோதனை செல்லாது. பொய் வாயிலில் அமர்ந்து செத்தவர்கள் எதற்கும் பயன்படாமல் செத்தார்கள். அவர்களின் வீட்டாருக்கும் அப்படியே சொல்லி அனுப்பினோம்.

இனி ஆணைகள்.

சோதனை மறுபடி முதலிலிருந்து உம் கோட்டையில் நடக்கும். மலையைச் சுற்றியுள்ள ஊர்களில் புற்றுக்கட்டி உள்ளவர் அனைவரையும் திரட்டும். இரண்டு அறைகளிலும் கந்தகம் புகைக்கப்படும். மூக்கால் அறிந்து சொல்ல இனி எவருக்கும் வழி இல்லை. காரி இருந்த இடத்தில் நெடுங்கோதை இருப்பாள். அவள் கை வெட்டப்படவில்லை. பொறியைச் சுழற்ற அது வேண்டும். எது உண்மை வாயில் என்பதை வேந்தர் அவள் காதில் மட்டும் சொல்லியிருக்கிறார். துளைவழியே மணிக்கட்டுகள் நீளும். அவற்றில் பாதியை அவள் தெரிந்தே பொய் அறைக்கு அனுப்புவாள், சோதனை முடியும்வரை. இதுவே அவளுக்குத் தண்டனை. இதைக் கேட்டபின்பும் கையையே வெட்டுங்கள் என்று அவள் மன்றாடினாள்.

குவளை நாச்சியாரும் மற்றவரைப்போல் குடத்தில் கைவிட்டுக் கயிறு எடுப்பார். ஊரார் காண, முதலில் எடுப்பார். காவல் உம்முடையது. நீர் நெடுங்கோதையிடம் ஒரு சொல் கேட்டாலும், அவள் உமக்கு ஒரு குறிப்புக் காட்டினாலும், அன்றே தழல் தலைநகருக்குத் திரும்பும்; கூடியிருக்கும் அத்தனை பேரும் வந்த வழியே போவார்கள். காரணம் யார் என்பதும் அவர்களுக்குச் சொல்லப்படும்.

கடைசியாக ஒன்று. கோட்டைத் தலைவர் மனைவியின் கை இது என்று துளைவழியே அடையாளம் தெரியக்கூடாது. நெடுங்கோதை இரக்கப்படக்கூடியவள் என்பதை அறிந்துகொண்டோம். ஆகவே இவ்வோலை கண்ட அன்றே, நாச்சியாரின் இரு கைகளிலும் உள்ள வளைகள் முழுவதையும், மணநாளில் நீர் பூட்டியவை உட்பட, நீரே உம் கையால் கழற்றி இத்தூதனிடம் கொடுத்து அனுப்பும். வளைகள் இங்கே வந்து சேர்ந்தபின்னரே தழல் வண்டி புறப்படும்.

வேந்தர் முன் படித்துக் காட்டி, யானைக்கோட்டு முத்திரை இட்டு விடுத்தோம். உம் குலம் தழைக்க. மறுமொழி எழுத வேண்டா. வளைகள் வந்தால் போதும்.