வடிகால் துணியில் நிற்கும் முடி

சோரா அப்பா,

சோராவைத் தடுப்பூசிக்குத் தூக்கிட்டுப் போறேன். கடற்பாசி சூப் அடுப்பு மேல இருக்கு, சுட வெச்சுக்குங்க. தொட்டுக்க கிம்ச்சி ஊறுகாய் ஃப்ரிட்ஜுல.

தலைக்குக் குளிக்கக் கூடாதுன்னு உங்க முடி டாக்டர் சொன்ன அஞ்சு நாள் முடிஞ்சிடுச்சு. இன்னைக்குக் குளிங்க. தண்ணி போற ஓட்டை மேல துணி கட்டியிருக்கேன். அதுல நிக்கிற முடியை ஒண்ணு விடாம கவர்ல போட்டு ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போங்க, எவ்வளவு கொட்டுதுன்னு எண்ணிப் பார்ப்பாங்க. நல்லா தேய்ங்க. பயந்து பயந்து தடவினா கணக்கு தப்பா வரும்.

நேத்து "வீடு பூரா உன் முடிதான்"னு கத்தினீங்களே. சோரா பொறந்த நூறாம் நாளைக் கொண்டாடினதுலேருந்து எனக்குக் கொத்துக் கொத்தா கொட்டுது.

சோரா அம்மா

பி.கு.: காலையில நானும் அங்கதான் தலைக்குக் குளிச்சேன். துணியில நீளமா இருக்கிறதெல்லாம் என்னோடது. அதைத் தூக்கிப் போடறதுக்கு முன்னாடி நீங்களே ஒரு தடவை எண்ணிப் பாருங்க.