நான்காவது சதுரத்தில் அக்கா

மார்ச் 3
அக்காவின் பதிவு வந்துவிட்டது. இரண்டு வயலின், ஒரு வியோலா, அக்காவின் பெரிய செல்லோ; நாங்கள் நால்வரும் அவரவர் வீட்டில் தனியாக வாசித்து அனுப்ப, நான் திரையில் நான்கு சதுரங்களாகச் சேர்க்கிறேன். நானூறு வருட இசை, ஐந்து உருப்படிகள். பழைய அரண்மனை நடன இசையில் தொடங்கி, போன வருடம் எழுதியதில் முடியும். பக்கவாதம் வந்தபின் அக்கா செல்லோவைத் தொட்டதே இதற்காகத்தான்.

மார்ச் 4
கேட்டேன். முதல் நடன இசை பரவாயில்லை. மெதுவான இரண்டாவது உருப்படியில் இடது கை சொன்னபடி கேட்கவில்லை. சுருதி வழுக்குகிறது. பத்தொன்பது தடவை பதிவு செய்தாளாம். இருப்பதில் இதுதான் நல்லதாம்.

மார்ச் 6
முதல் வயலின்காரரிடம் சொன்னேன். "என்ன வேணா பண்ணு. எனக்குத் தெரிய வேணாம்" என்றார். கை கழுவுவது எத்தனை சுலபம்.

மார்ச் 9
வியோலாக்காரரிடம் செல்லோ கற்கும் மாணவியை வரவழைத்தேன். அக்காவின் படத்தைப் பார்த்துக்கொண்டே, வில் போகிற போக்கில் ஐந்தையும் செல்லோவில் வாசித்துக் கொடுத்தாள். ஒரே மதியம். அக்காவின் சத்தத்தை அணைத்துவிட்டேன். படம் மட்டும் இருக்கிறது. யாருக்கும் தெரியப்போவதில்லை. அக்காவுக்கு? — நல்லதுக்குத்தானே செய்தேன்.

மார்ச் 10
விளம்பரம் எழுதினேன்: "பக்கவாதத்தை வென்று மீண்டும் செல்லோ."

மார்ச் 14, ஞாயிறு
மாலை நிகழ்ச்சி. அறுநூறு பேர் பார்த்தார்கள். நாங்களும் அவரவர் வீட்டிலிருந்து பார்த்தோம். இரண்டாவது உருப்படிக்குத்தான் பாராட்டு கொட்டியது. பிறகு நேரலையில் தொகுப்பாளர் அக்காவிடம், "அதை எப்படி இவ்வளவு சுத்தமா வாசிச்சீங்க?" என்று கேட்டார். அக்கா தன் இடது கையைப் பார்த்தாள்.
"தம்பி ரொம்ப ஒத்தாசையா இருந்தான்" என்றாள். சிரித்தாள்.

மார்ச் 15
காலையிலேயே அக்காவின் போன்.
"விரல் தப்பான இடத்துல இருக்கு, சத்தம் சரியா வருது. அதையும் பாத்துட்டு உக்காந்திருந்தேன்டா."
"உன் பேரைக் காப்பாத்தத்தான்க்கா."
"மோசமா வாசிச்சாள்னு சொல்லியிருப்பாங்க. சொல்லட்டுமே. அது நான்தானேடா?"
வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

மார்ச் 21
அக்காவுக்குப் பதில் அந்த மாணவியையே குழுவில் சேர்த்துக்கொள்ளலாம் என்றார் முதல் வயலின்காரர். நான் மறுக்கவில்லை. ஏன் மறுக்கவில்லை?

ஏப்ரல் 11
அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் கதவைப் பாதிதான் திறந்தார்.
"அவ வீட்ல இல்லப்பா."
உள்ளே செல்லோ கேட்டுக்கொண்டிருந்தது. அந்த மெதுவான உருப்படிதான். வழுக்கிய இடத்தில் நின்று, மறுபடி ஆரம்பித்தாள். அத்தானும் நானும் அதைக் கேட்டபடி வாசலில் நின்றோம்.
"வந்ததும் சொல்றேன்" என்றார்.
சரி என்றேன்.