நான் அடித்துவிட்ட பெயர்

ஜூன் 4, புதன்

சந்தாபுராவில் பஸ் ஏறி, பத்தரைக்குள் ஊர்க் கோயில் மண்டபத்துக்குப் போய்விட்டேன். மானாவாரி விவசாயிகளுக்கு இரண்டாவது வகுப்பு. வேளாண்மை படித்த அம்ருதா மைக்கில் கன்னடத்தில் சொல்ல, நான் தமிழில் சொல்கிறேன். டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஏழு வருஷமாக இந்தக் குரலை வைத்துக்கொண்டு என்ன செய்தேன்?

இன்று மூடாக்கு. "வெயில்ல போறப்ப தலையில முந்தானை போட்டுக்குறோம் இல்ல? மண்ணுக்கும் அப்படித்தான். சருகு போட்டா ஈரம் நிக்கும்" என்றேன். தலையாட்டினார்கள்.

பெயர் கூப்பிட்டேன். தனலக்ஷ்மி இன்றும் இல்லை. பஸ்ஸில் பழக்கமானவள். அரை ஏக்கர் குத்தகை. போன வருஷம் கேழ்வரகு காய்ந்தே போனது. இந்த வருஷமும் போனால் நிலத்தைத் திருப்பிக் கேட்பார்களாம். அவளுக்கு உதவட்டும் என்று நானே பட்டியலில் எழுதிய பெயர் அது.

ஜூன் 11, புதன்

மூன்று வாரம் தொடர்ந்து வராவிட்டால் பெயரை அடிப்பது என் பள்ளிக்கூடப் பழக்கம். தனலக்ஷ்மியின் பெயரைச் சிவப்பு மையில் அடித்தேன். வகுப்புக்கு வருபவர்களுக்குத் தரும் விதையில் அவள் பங்கு வேறொருவருக்குப் போகும். மனசே இல்லை.

ஜூன் 12

பொறுக்காமல் காலனியில் அவள் வீட்டுக்கே போனேன்.

"மூணு வாரமும் வந்தேன் டீச்சர். சுவருக்கு அந்தாண்ட நின்னு மைக்ல கேட்டேன். பேர் கூப்ட்டப்ப சத்தமும் குடுத்தேன்."

"உள்ள வரவேண்டியதுதானே?"

"அந்த மண்டபத்துக்குள்ள நாங்க எப்ப வந்தோம்?" சிரித்தாள். "முந்தானை கதை நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா வெயில்ல நின்னது நாங்க."

முப்பது வருஷம் பாடம் சொன்னவள் நான். யார் எங்கே நிற்கிறார்கள் என்று ஒரு தடவை எட்டிப் பார்த்தேனா?

ஜூன் 18, புதன்

கோயில் கமிட்டி கோவிந்தனிடம் கேட்டேன். "யாரையும் வராதேன்னு சொல்லலியே டீச்சர்." வாஸ்தவம். யாரும் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருந்ததில்லை. வகுப்பைப் புங்க மரத்தடிக்கு மாற்றினோம். அவள் பெயரை மறுபடி எழுதினேன். வரவில்லை.

ஜூன் 25

காலனியிலிருந்து நாலு பேர் வந்தார்கள். அவள் இல்லை. பாதையில் சேலை தெரியும்போதெல்லாம் வாக்கியத்தைப் பாதியில் விட்டேன்.

ஜூன் 28

நல்ல மழை. இனி விதைத்துவிடுவார்கள். எத்தனை ஆயிரம் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பேன்— ஒருத்தி வரவேண்டும் என்று இப்படி ஏங்கியதில்லை.

ஜூன் 29

மறுபடி போனேன். "நான் செஞ்சது தப்பு. உன் நிலத்துலயே வகுப்பு வெச்சுக்கலாமா?"

முதலில் முற்றத்தைப் பெருக்கி முடித்தாள். பிறகு, "அவரை வெதையும் சேத்து எடுத்துட்டு வாங்க, போன வருஷம் அது கெடைக்காமத்தான் எல்லாம் போச்சு. ஆனா அக்கடி எப்படி விடுறதுன்னு நாந்தான் சொல்வேன்."

அக்கடி என்றால் கேழ்வரகுக்கு நடுவே அவரை, ஆமணக்கு என்று தனிச் சால் விடுவது. ஒன்று போனாலும் ஒன்று நிற்கும். அம்ருதா அடுத்த மாதம் நடத்த வைத்திருந்த பாடம்.

ஜூலை 2, புதன்

அவள் சால் பிடித்தாள். நாங்கள் பின்னால் நடந்தோம்.

ஆகஸ்ட் 20, புதன்

இருபத்துநாலு நாளாக மழை இல்லை. கோவிந்தனின் கேழ்வரகு சுருண்டுவிட்டது. தனலக்ஷ்மியுடையது வாடியிருக்கிறது, சாகவில்லை. அவரையடியில் மண்ணைக் கிளறினால் ஈரம்.

கோவிந்தன் வரப்பிலேயே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு இறங்கி வந்து, "எத்தன சாலுக்கு ஒரு அவரைம்மா?" என்று அவளைக் கேட்டார். நின்று, நிதானமாகச் சொன்னாள். நிலத்துக்காரர் நிலத்தைத் திருப்பிக் கேட்கும் பேச்சே எடுக்கவில்லையாம்.

எல்லாரிடமும் கலகலவென்று பேசுகிறாள். என்னிடம் மட்டும் இன்னும் அளந்துதான்.