மதுசாவின்ரை மஞ்சள் சட்டை

இஞ்சாருங்கோ,

நீங்கள் தோட்டத்தாலை வரேக்கை நாங்கள் நிக்கமாட்டம். நானே மதுசாவைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸிலை கசூரினா கடலுக்குப் போறன். வீட்டுத் திறப்பு கிணத்தடி வாளிக்குக் கீழை இருக்கு. புட்டு மூடிக் கிடக்கு. மீன்குழம்பைச் சூடாக்கிச் சாப்பிடுங்கோ.

உதவிக்குழு கஜீவன் பிள்ளையளை ஏத்த வானோடை வந்து நிப்பார். பிள்ளை வராது எண்டு சொல்லிவிடுங்கோ. ஆரோ லண்டன்காரற்றை பிறந்தநாளுக்கு வறிய பிள்ளையளைக் கடலுக்குக் கூட்டிப்போறது நல்ல விசயம்தான். நானும் சந்தோசப்பட்டுத்தான் பேர் குடுத்தனான். ஆனா நேற்று வந்த கஜீவன், பிள்ளை ஆசையோடை போட்டுக் காட்டின புது மஞ்சள் சட்டையைப் பார்த்திட்டு, "உது வேண்டாம் அக்கா, பழசு ஒண்டு போட்டு விடுங்கோ, படத்திலை கஷ்டப்பட்ட பிள்ளை மாதிரித் தெரியவேணும்" எண்டு சொல்ல அவருக்கு எப்பிடி வாய் வந்தது? நீங்களும் "ஓம் தம்பி" எண்டு தலையாட்டினியள். எனக்கு அதுதான் ஆறேல்லை.

"அம்மா, என்ரை சட்டை வடிவில்லையோ" எண்டு கேட்டுக் கேட்டுத்தான் பிள்ளை படுத்தது.

படத்துக்கு நிக்க எங்கடை வீட்டிலை ஏழைப்பிள்ளை ஒண்டும் இல்லை எண்டு அவருக்குச் சொல்லுங்கோ. சொல்ல வெக்கமெண்டால் இந்தத் துண்டுக் கடிதத்தைக் குடுங்கோ, வாசிக்கட்டும்.

பொழுதுபட முன்னம் வந்திடுவம். உங்களுக்குக் கச்சான் கடலை வாங்கி வாறன். அதுக்காக என்ரை கோவம் போயிட்டுது எண்டு நினைக்காதேங்கோ.

குழம்புச் சட்டி சுடும், கவனம். பிடிச்சு இறக்க அடுப்படியிலை துணி வைச்சிருக்கிறன். நீங்கள் இரவு பிள்ளைக்கெண்டு எடுத்து மடிச்சு வைச்ச பழைய சட்டைதான். கிழிச்சுப்போட்டன்.