அலுமாரிக்குள் கம்ப்யூட்டர்

9 பெப்ரவரி 1998, கண்டி

கம்ப்யூட்டர் நின்று மறுபடியும் நீலத் திரை. மருந்துக்கடைக்கான புரோகிராமில் காலை முழுவதும் தட்டியது அப்படியே போய்விட்டது. போன மாதம் டவுனில் குண்டு வெடித்ததில் நான் வேலை செய்யும் கந்தோர்க் கண்ணாடிகள் நொறுங்கியதால்தான் முதலாளி மர்சூக் சேர் மெஷினை என் அறைக்கு அனுப்பினார். இருபதாம் திகதிக்குள் முடிக்காவிட்டால் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார். வேலை போனால்? யாழ்ப்பாணத்துக்காரிக்குக் கண்டியில் என்ன அலுவல் என்று பொலிஸ் கேட்டால் இந்த வேலையைத்தான் காட்டலாம்.

11 பெப்ரவரி

விண்டோஸை அழித்துத் திரும்பப் போட்டேன். கொஞ்ச நேரம் நல்ல பிள்ளையாக இருந்தது. பிறகு பழைய குணம்.

அறையில் கம்ப்யூட்டர் இருந்ததாம் என்று போன கிழமை பின்வீதி விவேகானந்தனைப் பொலிஸார் கொண்டுபோனார்கள். அன்றிலிருந்து கம்ப்யூட்டர் பெட்டி அலுமாரிக்குள், என் சேலைகளுக்கு நடுவில். கதவிடுக்கால் வயர். மேசையில் திரை மட்டும், மேலே பூத்துணி. கேட்டால் டிவி என்று சொல்லலாம். கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு என்ன டிவி பார்க்கிறாய், கமலாசனி?

13 பெப்ரவரி

வீட்டுக்கார ரபீகா அக்கா வயரைக் கண்டுவிட்டா. "ஒளிச்சி வெச்சாத்தான் தங்கச்சி சந்தேகப்படுவாங்க. பயப்படவாணம்" என்றா. அவவுக்குச் சொல்ல லேசு.

16 பெப்ரவரி

மெஷினை ஓடவிட்டு உடுத்தச் சேலை எடுத்தேன். அயன் பண்ணினது போலச் சுட்டது. பெட்டியில் கை வைக்க முடியவில்லை.

காற்றே இல்லாமல் அடைத்து வைத்துவிட்டு இத்தனை நாளும் புரோகிராமில் பிழை தேடியிருக்கிறேன். படித்த மூளை! வெளியே எடுத்தால் ஓடும். வெளியே எடுத்தால் கண்ணிலும் படும். என்ன செய்யிறது? எனக்குப் பயமாக்கிடக்கு.

17 பெப்ரவரி

மேசையில் வைத்தேன். இன்று ஒருதரமும் நிற்கவில்லை. ரோட்டில் சப்பாத்துச் சத்தம் கேட்டால் என் நெஞ்சுதான் நிற்கிறது.

20 பெப்ரவரி

காலையில் பொலிஸார் செக்கிங்குக்கு வந்தார்கள். மூன்று பேர். இது என்ன என்று ஒருவர் கேட்டார். மருந்துக்கடை வேலை என்றேன் — எனக்குத் தெரிந்த சிங்களம் பாதியிலேயே முடிந்துவிட்டது. மீதியை ரபீகா அக்கா சொன்னா. கேட்டவர் திரையில் இருந்த மருந்துப் பெயர்களைப் பார்த்தார், தலையாட்டினார்.

பிறகு நேரே அலுமாரிக்குப் போனார்கள். சேலைகளை ஒவ்வொன்றாக உதறினார்கள். அடித்தட்டில் கையை விட்டுத் துழாவினார்கள். பின்பலகையைத் தட்டிப் பார்த்தார்கள். போய்விட்டார்கள்.

பின்னேரம் புரோகிராமை மர்சூக் சேரிடம் கொடுத்தேன். நல்லது என்றார்.

சேலைகள் இன்னும் நிலத்தில்தான் கிடக்கின்றன. பெட்டி இதுகளுக்கு நடுவில் இருந்திருந்தால்?