வாங்காமல் விட்ட கோழி

அன்பு மகள் தாரணிக்கு, அம்மா ஆசையோடு சொல்லச் சொல்ல உன் தம்பி கபிலன் எழுதுவது. (அக்கா, அம்மாவுக்கு வலது மணிக்கட்டு சுளுக்கிக் கட்டுப் போட்டிருக்கு. வாய்க்குக் கட்டு இல்லை. அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் நான்.) இங்கே சிங்கப்பூரில், தோ பாயோவில் நாங்கள் எல்லாரும் சுகம்தான், நீயும் ஸாம்பியாவில் வேளைக்குச் சாப்பிட்டு நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று இப்போதுதான் கோயிலில் அம்மனிடம் சொல்லிவிட்டு வந்தேன். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. (தெக்கா சந்தையில் பலகாரக் கடைப் பக்கம் போனால் மட்டும் கட்டு அவிழ்ந்துவிடுகிறது.)

போன வாரம் நீ போனில் அழுததில் பாதி காற்றோடு போய்விட்டது, கேட்ட பாதியை வைத்துக்கொண்டு நான் குழம்பித் தவிக்கிறேன். செம்புச் சுரங்கம் தோண்டுகிற கம்பெனி சுற்றியுள்ள ஊர்களின் தண்ணீரையும் நிலத்தையும் கெடுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்கென்று உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட விதிகள் இருக்கின்றன, அதன்படி நடக்கிறார்களா என்று பார்ப்பது உன் வேலை, அதுவரை புரிகிறது. சமூகப் பொறுப்பு என்று பேராம். (சமூகப் பருப்பு என்றேன். வெந்ததா இல்லையா என்று பார்க்கத்தான் அக்காவை அனுப்பியிருக்கிறார்கள் என்றேன். அம்மா இடது கையாலும் நன்றாகவே அடிக்கிறார்.) ஆற்றுத் தண்ணீர் நிறம் மாறிப் பிள்ளைகளுக்குச் சொறி வருகிறது என்று அந்த ஊர்ப் பெண்கள் சொல்ல வந்தார்களாம், சொல்வதற்கு முன்னால் காலைக் கட்டி ஒரு கோழியை உன் கையில் கொடுத்தார்களாம், சோதிக்க வந்தவர் எதையும் வாங்கக் கூடாது என்று நீ திருப்பிக் கொடுத்துவிட்டாயாம். அதிலிருந்து ஒருத்தியும் உன்னிடம் வாய் திறப்பதில்லை, இப்படியே போனால் ஊர்மக்கள் எந்தக் குறையும் சொல்லவில்லை என்றுதான் உன் அறிக்கை போகும் என்கிறாய்.

நீ செய்தது சரிதானே என்று முதலில் நினைத்தேன். சிராங்கூன் சாலையில் நான் வேலை பார்க்கும் நகைக்கடைக்குத் தராசு பார்க்க வரும் அரசாங்க ஆள் ஒரு வாய் காப்பிகூடக் குடிக்க மாட்டார், அந்த மனிதர்மேல் எனக்கு எவ்வளவு மரியாதை தெரியுமா. ஆனால் பக்கத்து வீட்டு நஃபீசா அக்கா ஒரு ஹரி ராயா பெருநாளுக்கு ரெண்டாங் கறி கொடுத்தனுப்பியது வெள்ளிக்கிழமை, நம் வீட்டில் அன்றைக்குக் கறி கிடையாது, அதற்காக வேண்டாம் என்றேனா? இரண்டு கையாலும் வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்துச் சனிக்கிழமைதானே சாப்பிட்டோம். (சனிக்கிழமை பாத்திரம் ஏன் லேசாக இருந்தது என்று அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. இதை எழுதும்போது அம்மா கண்ணாடி போட்டிருக்கவில்லை.) தீபாவளிக்கு அவர்கள் தட்டில் முறுக்கு வைத்துத்தான் திருப்பினேன், வெறும் தட்டைக் கொடுத்தால் உறவு முடிந்தது என்று அர்த்தமாகிவிடாதா. அந்தப் பெண்களுக்கு நீ வெறும் தட்டைக் காட்டிவிட்டாயோ என்று இப்போது தோன்றுகிறது, இல்லை விதிதான் பெரிதோ, எனக்கு எந்தப் பக்கம் நிற்பதென்றே தெரியவில்லை மா.

இந்தக் கபிலன் வேறு குழப்புகிறான். அக்கா தூங்குவது யார் விருந்தினர் விடுதியில், ஏறுவது யார் ஜீப்பில், தினமும் கோழிக்குழம்பு போடுவது யார் கேண்டீன் என்று கேட்கிறான். எல்லாம் சுரங்கக் கம்பெனிதான் என்றேன். அந்தக் கேண்டீன் கோழி மட்டும் முட்டையிலிருந்து வரவில்லையா லா என்று கேட்டுவிட்டுச் சிரிக்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சேட்டை செய்கிறானா, நியாயம் பேசுகிறானா? (இரண்டும்.) சாப்பிட்டால் இரண்டு பக்கமும் சாப்பிட்டேன் என்று அறிக்கையிலேயே எழுதட்டும், இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் பட்டினி கிடக்கட்டும் என்கிறான். நீ படித்தவள், விதி அதற்கு இடம் கொடுக்குமா என்று உன் மேலதிகாரியிடம் கேள், பயப்படாதே. லிட்டில் இந்தியாவில் வாங்கிய செம்புப் பாத்திரத்தில்தான் நான் காலையில் தண்ணீர் குடிக்கிறேன், உடம்புக்கு நல்லது என்றார்கள், நீ அழுததிலிருந்து அதைக் கையில் எடுக்கவே ஒரு மாதிரி இருக்கிறது.

சனிக்கிழமை விமானம் ஏறும் உன் ஆபீஸ் அர்ஃபான் தம்பியிடம் ஊறுகாயும் முறுக்கும் கொடுத்தனுப்புகிறேன். ஊறுகாய் உனக்கு. முறுக்கை நீ தொடாதே, அது அந்தப் பெண்களுக்கு. கம்பெனி ஜீப்பில் போகாமல் நடந்து போ, வெயிலுக்குத் தொப்பி போட்டுக்கொள். அம்மன் உனக்குத் துணையிருப்பாள், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. ஒன்றை மறந்துவிடாதே, விருந்தாளிக்கென்று ஒதுக்கிய கோழியை அவ்வளவு சீக்கிரம் யாரும் அறுக்க மாட்டார்கள், அது இன்னும் அந்த வாசலில்தான் மேய்ந்துகொண்டிருக்கும்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா வசந்தகுமாரி

(எழுதியது கபிலன். முறுக்கில் கொஞ்சம் குறையும். சோதித்துத்தான் அனுப்புகிறேன், அறிக்கையில் எழுதிக்கொள்.)