மாப்பிள்ளை பக்கத்தில் ஒரு நிழல்

சனிக்கிழமை, ராத்திரி.

குனோங் ராபாட் கல்யாண மண்டபத்தில் வேலை. பின்னறையில் இருக்கும் கம்ப்யூட்டர் படத்தை நெட்வொர்க் கேபிள் வழியாக மேடைத் திரைக்குக் கொண்டுபோக வேண்டும். படம் வந்தது. ஆனால் மாப்பிள்ளை முகத்துக்குப் பக்கத்தில் நிழல் மாதிரி இன்னொரு முகம். கேபிளுக்குள் முறுக்கியிருக்கும் கம்பிகளை நுனியில் அதிகம் பிரித்துவிட்டால் இப்படி ஆகும். ஏணி ஏறி நுனிகளை வெட்டி மறுபடி மாட்டினேன். நிழல் போகவில்லை. வேறு கேபிளே இழுத்தேன். அப்படியும் போகவில்லை.

திரும்ப ஏணியில் கால் வைத்தபோது, கூட வேலை செய்யும் குமார் கேட்டான். "மச்சான், எதுக்குலா சும்மா வெட்டுற? படம் அப்பவே கிளியரா இருக்கு. மாப்பிள்ளைக்கு ஒரு மூக்குதான்லா."

"எனக்கு ரெண்டு தெரியுதே. ரெண்டு மொய் வாங்கப் பாக்குறான் போல."

பூ கட்டிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே இடது கண்ணை மூடிப் பார்த்தேன். நிழல் இல்லை. திறந்தேன். வந்துவிட்டது.

எனக்கிருக்கும் சர்க்கரை வியாதி கண்ணைப் பிடிக்கும் என்று கிளினிக்கில் போன வருஷமே சொன்னார்கள்.

நான் கண்ணை மூடித் திறந்ததைக் குமார் பார்த்துவிட்டான். கிண்டல் பண்ணவில்லை. ஏணியை அவனே தூக்கிக்கொண்டான். மோட்டார் சைக்கிள் சாவியையும் கேட்டு வாங்கி, என்னைப் பின்னால் உட்கார வைத்து வீட்டில் இறக்கிவிட்டான்.

"திங்கக்கிழம நீ கீழயே நில்லு, மச்சான்."

கீழே நிற்பவனை முதலாளி எத்தனை நாளைக்கு வைத்திருப்பார்?

சாப்பாடு போடும்போது மனைவி கேட்டாள். "இன்னைக்கு யாரக் கேலி பண்ணீங்க?"

மாப்பிள்ளையை என்றேன். அந்த மூக்குக் கதையைக் கேட்டு அவள் அப்படிச் சிரித்தாள். அதற்கு மேல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.